மாந்திரீகம் பற்றிப் படிக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில், ஆவிகள் வந்துபோகும் என்று சீனர்கள் நம்பும் அவர்களின் ஏழாம் மாதம் நெருங்கினாலே, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஊதுவத்தி வாசனை எழும் முன்பே, எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: மாந்திரீகம், ஜோதிடம், ஆவி உலகம் இவற்றைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ளலாம்? கேள்விகளைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பாடம் எடுத்திருக்கிறேன். அதில் சூனியம், மந்திரச் சடங்கு, ஆவி வழிபாடு எல்லாம் வருகிறது. அம்மா வேதாகமத்தில் உபாகமம் 18-ஐக் காட்டி, பாடத்தை மாற்று என்கிறார். நான் என்ன செய்வது?

சகோதரி, அம்மாவின் கவலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் காட்டும் பகுதி கடுமையானது. குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று வரிசையாகச் சொல்லி, இப்படிப்பட்டவர்கள் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்கிறது. மழுப்ப இடமே இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னும் பின்னும் இருப்பதையும் அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். 9-ஆம் வசனம், கானான் தேசத்து ஜனங்களின் அருவருப்புகளைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்கிறது. செய்வதற்காகக் கற்பதைத்தான் அது தடுக்கிறது. 14-ஆம் வசனம், அந்த ஜனங்கள் குறிசொல்லுகிறவர்களுக்குச் செவிகொடுக்கிறார்கள், நீ அப்படிச் செய்யாதே என்கிறது. அடுத்த வசனமே, கர்த்தர் ஒரு தீர்க்கதரிசியை எழும்பப்பண்ணுவார், அவருக்குச் செவிகொடு என்கிறது. யாரிடம் போய் வழி கேட்கிறாய் என்பதுதான் அந்த அதிகாரத்தின் கவலை.

தானியேலை நினைத்துப் பாருங்கள். பாபிலோனில் மூன்று வருடம் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார். அந்த ஊரில் கல்வி என்றால் அதில் நட்சத்திரம் பார்ப்பதும் சொப்பனத்துக்குப் பலன் சொல்வதும் கலந்துதான் இருந்தன. ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று சொன்னவர், பாடம் வேண்டாம் என்று சொன்னதாக வேதத்தில் இல்லை. ஆனால் ராஜாவின் சொப்பனத்துக்கு அர்த்தம் தேவைப்பட்ட அந்த ராத்திரியில் அவர் பாபிலோன் ஏடுகளைப் புரட்டவில்லை. தன் தோழர்களைக் கூட்டி ஜெபம் பண்ணினார்.

உங்கள் பாடத்தில் எவன்ஸ் பிரிட்சார்ட் என்ற பெயர் வரக்கூடும். இன்றைய தெற்குச் சூடானின் அசாண்டே மக்களிடையே சூனிய நம்பிக்கையை ஆராய்ந்து 1937-ல் நூல் வெளியிட்டவர். அதே மனிதர் 1944-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். சூனியத்தைப் பற்றிப் படித்தால் விசுவாசம் போய்விடும் என்பவர்களிடம் இவரைப் பற்றிச் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். களப்பணிக்காக ஒரு சாமியாடியிடமோ சீன ஆவி ஊடகரிடமோ அழைத்துப்போனால், ஓரமாக நின்று பாருங்கள், குறிப்பெடுங்கள், அந்த இடத்துக்கு மரியாதை கொடுங்கள். 'உனக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாமே' என்பார்கள். அங்கே உங்கள் வாழ்க்கையைப் பற்றி எதையும் கேட்காதீர்கள். இதை விரிவுரையாளரிடம் முதல் வாரமே சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இராது. படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலை அம்மாவிடம் காட்டுங்கள். ஒளித்துப் படித்தால்தான் வீட்டில் பயம் வளரும்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன பெட்டியில் ஓலைச்சுவடிகளும் பழைய மாந்திரீக அச்சு நூல்களும் இருக்கின்றன. எபேசுவில் செய்தது போல எரித்துவிடு என்கிறார் ஜெபக்குழுத் தலைவர். இந்துவாகிய பெரியப்பா கேட்டுக் கொதிக்கிறார்.

அப்போஸ்தலர் 19-ஐ மறுபடி வாசியுங்கள். மாயவித்தைக்காரராயிருந்த அநேகர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலி என்பதை வைத்து அந்தத் தொகையை எண்ணிப் பாருங்கள். விற்றுக் காசாக்கவும் அவர்கள் நினைக்கவில்லை. அவர்களுடைய மனந்திரும்புதலின் ஆழம் எனக்கு அதில்தான் தெரிகிறது.

ஆனால் அவர்கள் எரித்தது தாங்களே பயன்படுத்திவந்த தங்கள் சொந்தப் புஸ்தகங்களை. பவுல் யாருடைய வீட்டிலும் புகுந்து பெட்டியைத் திறக்கவில்லை. உங்கள் தாத்தாவின் பெட்டியில் பெரியப்பாவுக்கும் பங்கு உண்டு. அவருடைய தகப்பன் பொருளை அவர் சம்மதமில்லாமல் கொளுத்திவிட்டு அதைச் சாட்சி என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. நம் ஓலைச்சுவடிகளில் வைத்தியம், சோதிடம், மந்திரம், கணக்கு எல்லாம் சில நேரம் ஒரே கட்டில் கிடக்கும். பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் பார்க்காமல், அது மாந்திரீகச் சுவடியா அல்லது காய்ச்சலுக்குக் கஷாயம் சொல்லும் சுவடியா என்று யாராலும் சொல்ல முடியாது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயரும் தமிழ் ஓலைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஊர்த் தெய்வங்கள், பேய் நம்பிக்கைகள் உட்பட நம் மக்கள் எதை வணங்கினார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதி, 1713-ல் ஒரு பெரிய நூலை முடித்தார். ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்த மிஷன் தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் வாதம். நூல் சென்னையில் அச்சேற 1867 ஆனது. இன்று அந்தக் காலத்துத் தமிழ்ச் சமயத்தை அறிய விரும்பும் எவரும் அவரிடம் போய்த்தான் ஆகவேண்டும். தாம் யாரிடம் பேசுகிறோம் என்பதை அறியாமல் சுவிசேஷம் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, செய்ய வேண்டியது இது. அச்சு நூல்களில் நீங்களே பயன்படுத்தியவை இருந்தால், மற்றவர் கைக்குப் போகாமல் அழித்துவிடுங்கள். ஓலைகளைப் பெரியப்பாவிடம் கொடுங்கள். அவருக்கும் வேண்டாம் என்றால், இருவரும் சேர்ந்து ஒரு நூலகத்தையோ ஆவணக் காப்பகத்தையோ அணுகுங்கள்.

கேள்வி: சக ஊழியர் தாய்லாந்து போய்வந்து எனக்குத் தாயத்து ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். மேசையில் வைத்திருந்தாலே ஆபத்தா?

விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நம்புங்கள். அந்த உலோகத் துண்டுக்கு உங்கள்மேல் அதிகாரம் கிடையாது. ஆனால் அதைக் காவலாக நினைத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவருடைய அன்புக்கு நன்றி சொல்லி, 'என் விசுவாசத்தின்படி நான் இதை அணிவதில்லை, இதை மதிக்கிற ஒருவரிடம் இருந்தால் நல்லது' என்று கையிலேயே திருப்பிக் கொடுங்கள். குப்பையில் போடாதீர்கள். பல சமயத்தார் ஒரே அலுவலகத்தில் உட்காரும் ஊர் இது.

கேள்வி: என் மகளுக்கு இந்து மாப்பிள்ளை. பதிவுத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. இப்போது மாமியார் ஜாதகம் பார்க்கப் பிறந்த நேரம் கேட்கிறார். கொடுத்தால் நாங்களும் அந்தப் பாவத்தில் பங்கா?

அம்மா, பிறந்த நேரம் ஒரு தகவல். அதைச் சொல்வது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகள் தன் வாயால், 'தேதி, நேரம் இதுதான் அத்தை, ஆனால் எங்கள் முடிவை ஜாதகத்தின் கையில் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை' என்று சொல்லட்டும். கல்யாணத்துக்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது. நாளைக்குக் குழந்தை பிறக்கும், வீடு குடிபுகுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நாள் பார்க்கும் கேள்வி வரும். மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிற்பார் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பெரிய வேத அறிஞரான அகஸ்டின் தன் இளமையில் ஜோதிடத்தில் ஊறிக் கிடந்தவர். அவரை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தவற்றில் ஒன்று ஒரு நண்பர் சொன்ன கதை. அந்த நண்பரும் ஓர் அடிமையின் குழந்தையும் ஒரே கணத்தில் பிறந்தார்கள். ஜாதகமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் செல்வமும் பதவியுமாக வளர்ந்தார், மற்றவர் அடிமையாகவே இருந்தார். ஜோதிடத்தைத் தெரிந்தவர் என்பதால்தான் அகஸ்டினால் அதற்கு இவ்வளவு கூர்மையாகப் பதில் சொல்ல முடிந்தது. ஆனால் இந்த வாதத்தை நிச்சயதார்த்த வீட்டில் எடுக்காதீர்கள். சம்பந்தியம்மா மனம் நொந்துபோவார்.

கேள்வி: 15 வயது மகள் தோழிகளோடு, குறிபார்க்கும் டாரட் சீட்டு விளையாடுகிறாள். சும்மா பொழுதுபோக்கு என்கிறாள்.

முதலில் சீட்டின் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடப்பட்ட சாதாரணச் சீட்டாட்டம். சுமார் 300 வருடம் கழித்து, 1780-களில், பிரான்சில் சிலர் இது பண்டைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று கிளப்பிவிட்டார்கள். ஆதாரம் எதுவும் கிடையாது. கத்தோலிக்கரான மைக்கேல் டம்மட் என்ற தத்துவவாதி இந்தச் சீட்டுகளின் வரலாற்றைத் தோண்டித் துருவி எழுதியிருக்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 'பிசாசு' என்ற மிரட்டலைவிட இந்த உண்மை அதிகம் உறைக்கும்.

அப்புறம் இன்னொன்றைக் கேளுங்கள்: 'சீட்டிடம் நீ என்ன கேட்டாய்?' பெரும்பாலும் பரீட்சை பற்றியோ, ஒரு பையனைப் பற்றியோ, தோழி ஏன் பேசவில்லை என்பதைப் பற்றியோ இருக்கும். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க அவளுக்கு ஏன் தோன்றவில்லை? அதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும். சீட்டை நிறுத்தச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். விளையாட்டாகக் கேட்டாலும் அது குறிகேட்பதுதான்.

கேள்வி: நான் கத்தோலிக்கர். எங்கள் திருச்சபையின் நிலை என்ன?

தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். மறைக்கல்வி ஏட்டின் 2116, 2117 எண்களைப் பாருங்கள். குறிகேட்பது, ஜாதகம், கைரேகை, ஆவிகளை அழைப்பது, மந்திரத்தால் அடுத்தவர்மேல் ஆதிக்கம் தேடுவது எல்லாம் விலக்கு. பேயோட்டும் சடங்கை ஆயரின் சிறப்பு அனுமதி பெற்ற குரு மட்டுமே செய்யலாம். எங்கள் சீர்திருத்த சபைகளில் சிலர் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டால் நன்றாயிருக்கும்.

கேள்வி: என் கணவருக்கு வேலை போனது. அப்புறம் தூக்கம் இல்லை, யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்கிறார். உறவுக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்று ஓர் ஊழியர் சொன்னார். அதை நீக்கும் விடுதலை ஜெபத்துக்கு 800 வெள்ளி கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன் பணத்தால் தேவ வரத்தை வாங்கப் பார்த்தபோது பேதுரு எவ்வளவு கோபப்பட்டார் என்று அப்போஸ்தலர் 8-ல் இருக்கிறது. விற்பவருக்கும் அந்தக் கண்டனம் பொருந்தும்.

உடனே செய்ய வேண்டியது, அவரை மருத்துவரிடம் அழைத்துப்போவது. பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம், தேவைப்பட்டால் அங்கிருந்து மனநலக் கழகத்துக்கு அனுப்புவார்கள். தூக்கமின்மையும் குரல் கேட்பதும் சிகிச்சை உள்ள நோய்களின் அறிகுறிகளாக இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்கா வைத்தியர் என்பதை நினைப்பூட்டுங்கள்.

நான் மேலே சொன்ன அசாண்டே மக்களிடம் ஒரு விஷயம் உண்டு. தானியக் களஞ்சியம் சரிந்து கீழே உட்கார்ந்திருந்தவர்மேல் விழுந்தால், தூணைக் கரையான் அரித்தது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இந்த நேரத்தில், இந்த ஆள்மேல் ஏன் விழுந்தது? அதற்குத்தான் சூனியம் என்ற பதில். உங்கள் வீட்டிலும் அதே கேள்விதான் எழுந்திருக்கிறது. கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது தெரியும். ஏன் எங்களுக்கு? யோபுவும் இதைத்தான் கேட்டார். அவருக்கு ஆண்டவர் ஒரு உறவுக்காரர் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊழியர் உங்களுக்குச் சொல்லிவிட்டார், அதோடு ஒரு குடும்ப உறவையும் முறித்துவிட்டார்.

ஜெபியுங்கள், தினமும் ஜெபியுங்கள். யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை என்ற எண்ணாகமம் 23:23-ஐக் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். சபை மூப்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். அதற்கு யாரும் காசு கேட்கக் கூடாது.

கேள்வி: பிசாசு பிடித்தவர்களை ஜெபத்தால் விடுவிக்கும் விடுதலை ஊழியம் செய்ய ஆசை. எதிரியை அறிய வேண்டும் என்று மந்திர நூல்களை வாங்கிப் படித்துவருகிறேன். இரவில் பயமாக இருக்கிறது. தொடரலாமா?

தம்பி, நிறுத்துங்கள். முதல் கேள்விக்குப் படிக்கலாம் என்ற நான் உங்களை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மாணவி மக்களைப் புரிந்துகொள்ளப் படிக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், பகலில் வகுப்பில் பேசுகிறார். நீங்கள் தனியாக, ராத்திரியில், வல்லமை எங்கே இருக்கிறது என்று தேடிப் படிக்கிறீர்கள். பயம் அதனால்தான்.

எபேசுவில் ஸ்கேவா என்பவரின் ஏழு குமாரரும் இதே வழியில் போனார்கள். இயேசுவின் நாமத்தையே ஒரு மந்திரம் போல உச்சரித்துப் பார்த்தார்கள். பிசாசு பிடித்திருந்தவன் அவர்கள்மேல் பாய்ந்தான், காயப்பட்டு ஆடையில்லாமல் ஓடினார்கள். சொல்லின் நுணுக்கம் அவர்களுக்கு உதவவில்லை. இயேசுவின் ஊழியத்திலும் அப்போஸ்தலரின் ஊழியத்திலும் மந்திர நூல் பயிற்சி எங்கேயும் கிடையாது. பேரும் வகையும் தெரிந்தால்தான் துரத்த முடியும் என்பது மந்திரவாதியின் நம்பிக்கை, நம்முடையது அல்ல.

அந்த நூல்களை உங்கள் போதகரிடம் ஒப்படைத்துவிட்டு, என்ன படித்தீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று அவரிடம் மனம் திறந்து பேசுங்கள். நான்கு சுவிசேஷங்களையும் வரிசையாக வாசியுங்கள், காலையில் வாசியுங்கள். ஊழிய ஆசை அப்போதும் இருந்தால், இதில் அனுபவமுள்ள ஒரு மூத்தவரோடு ஒரு வருடம் கூடப் போங்கள். அவர் ஜெபிக்கும்போது நீங்கள் நோயாளியின் வீட்டாருக்குத் தேநீர் போட்டுக் கொடுங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.