விண்டோஸ் 11க்கு மாறும்போது லேப்டாப் பாதியில் நின்றுவிட்டது, லோகோவும் சுற்றும் புள்ளிகளும்தான் வருகின்றன. ரிப்பேருக்குக் கொடுத்த கடையில் ஃபார்மட் செய்தால்தான் தீரும் என்கிறார்கள், செய்யலாமா?

வேண்டாம். முதலில் லேப்டாப்பைக் கடையிலிருந்து திரும்ப வாங்கி வாருங்கள்.

லோகோவும் சுற்றிக்கொண்டே இருக்கும் புள்ளிகளும்தான் வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து கடகடவென்று சத்தம் வராதவரை உங்கள் போட்டோக்களும் கணக்குகளும் உள்ளே பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்கிரேடு செய்யும்போது பழைய விண்டோஸ் உடனே அழிவதில்லை. 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் புதியது வந்து உட்காருகிறது. ஃபைல்கள் போவது பெரும்பாலும் அதற்கப்புறம், யாராவது ஃபார்மட் போடும்போதுதான்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் என் அக்கா. திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்னும் போட்டுக் கொடுக்கிறாள். விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால் 11க்கு மாற ஓகே கொடுத்திருக்கிறாள். பாதியில் கரண்ட் போய்விட்டது. பேட்டரி ஏற்கெனவே செத்துப்போன லேப்டாப், அப்படியே அணைந்துவிட்டது. ஜிஎஸ்டியில் மாதாமாதம் போடும் 3பி ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி கடைசி. இது நடந்தது அதற்கு முந்தின நாள்.

கடையில் ஆன் செய்து பார்த்தவர், "டேட்டா எல்லாம் போயிருச்சுங்க, ஃபார்மட் பண்ணி லெவன் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா போனில் அழுதாள். "கை வைக்க விடாதே, வாங்கிட்டு வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு ஈரோட்டிலிருந்து பஸ் ஏறினேன்.

திரையில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள், எத்தனை மணி நேரமானாலும் விட்டுவிடுங்கள். எங்களுடையதில் அது இல்லை. லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸே ரிப்பேர் திரைக்குப் போய்விடும். இப்படி அணைக்கலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்து 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' கொடுக்கட்டும். போய்ச் சேருவது அதே இடத்துக்குத்தான்.

அங்கே டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போனதும், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை, அதாவது பூட்டைத் திறக்கும் சாவியைக் கேட்டது. அக்கா அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. நாம் எதுவும் செய்யாமலே பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்ததும் டிஸ்க் பூட்டப்பட்டுவிடும். சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஆன்லைன் கிளாஸ் காலத்தில் லேப்டாப்பை செட் செய்தவன் அக்கா பையன், அதனால் சாவி அவன் கணக்கில். சென்னை ஹாஸ்டலில் இருந்தவனை எழுப்பி, திரையில் இருந்த கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தைச் சொல்லி, அதற்குரிய சாவியை வாசிக்கச் சொன்னேன். மொத்தம் 48 இலக்கம், ஆறாறாக எட்டுக் கட்டம். அக்கா ஒரு பில் புக்கின் பின்னட்டையில் பென்சிலால் எழுதினாள். ஒவ்வொரு கட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். நான் சொன்னதும் அக்கா கால்குலேட்டரை எடுத்து வரிசையாகத் தட்டினாள். "அஞ்சாவது இடிக்குதே, மறுபடி படி கண்ணு" என்றாள். "சாரிம்மா, அது எட்டு இல்ல, மூணு" என்றான். மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

பூட்டுத் திறந்ததும் நான் ரிப்பேர் பக்கமே போகவில்லை. ஃபைலை எடுப்பதுதான் முதல் வேலை. கமாண்ட் பிராம்ப்டில் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் டிஸ்க் முழுக்கத் தெரியும். சி டிரைவ் அங்கே டி என்று காட்டலாம், பயப்படாதீர்கள். யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்று உள்ளே போனால் கம்பெனிக்கு ஒன்றாக எண் பெயரில் ஃபோல்டர்கள். ரைட் கிளிக் செய்து காப்பி, பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட். எவ்வளவு ஏறியது என்று காட்டாது, பொறுமையாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', அதில் 'லேட்டஸ்ட் ஃபீச்சர் அப்டேட்'. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடி, பழைய விண்டோஸ் 10 டெஸ்க்டாப் வந்து நின்றது. 3பி மறுநாள் காலையில் போட்டாயிற்று. உங்களுக்கும் நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இது சரிவராவிட்டாலும், பென்டிரைவிலிருந்து அதே பார்ட்டிஷனில் ஃபார்மட் கொடுக்காமல் இன்ஸ்டால் செய்தால் பழையவை விண்டோஸ்.ஓல்டுக்குள் போய் இருக்கும். டேலி போன்ற மென்பொருளைத்தான் மறுபடி போட வேண்டும்.

கடைக்காரர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. பத்து மெஷின் வரிசையில் நிற்கும்போது ஃபார்மட்தான் சீக்கிரம் முடியும். ஆனால் அன்றைக்கு அவர் அக்காவிடம் "வீட்ல டைம்பாஸுக்குப் பண்றதுதானே, மறுபடி என்ட்ரி போட்டுக்கலாம்" என்றாராம். இந்தப் பேச்சு கடையில் மட்டும் இல்லை. மாதக் கடைசியில் பணம் கேட்டால் "அடுத்த வாரம் பாக்கலாங்க்கா" என்று இழுக்கும் கம்பெனிக்காரரும் அப்படித்தான் நினைக்கிறார். ஆபீஸ் போர்டு மாட்டிய ஆடிட்டரிடம் அவர் இப்படி இழுப்பாரா? வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு பெண் செய்தால் அது வேலை இல்லையா? கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, மறுபடி 11க்கு மாறுவதானால் 20 ஜிபிக்கு மேல் காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள், வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். பேட்டரி வீக் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது. மாறிய பிறகு பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். ஆனால் இதெல்லாம் அப்புறம். இப்போது அந்த லேப்டாப்பை முதலில் செட் செய்தவர் யார் என்று கேளுங்கள். ரெகவரி கீ அவர் கணக்கில்தான் இருக்கும்.