கால்சியம் டானிக்கை இப்போது நிறுத்துங்கள்

கேள்வி: எங்களிடம் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு இருக்கிறது. இது நான்காவது சினை. ஜூன் 10-ஆம் தேதி சினை ஊசி போட்டோம்; ஏழாவது மாதம் நடக்கிறது. இரண்டு வேளையும் சேர்த்து 4 லிட்டர் கறக்கிறது. சென்ற ஈற்றில் கன்று போட்ட மறுநாள் காலை எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. மருத்துவர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றிய பிறகுதான் எழுந்தது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று இப்போதிருந்தே தினமும் 100 மில்லி கால்சியம் டானிக் ஊற்றுகிறேன். கடலைக்கொடியும் அகத்தியும் விடாமல் போடுகிறேன். பச்சைக்கு, கொட்டகை கழுவிய தண்ணீர் பாயும் கோ 5 புல். கறவையை எப்போது நிறுத்த வேண்டும்? தீவனத்தைக் குறைத்தால்தான் கன்று சிறுத்து, மாடு சுகமாக ஈனும் என்கிறார் மாமியார். சரிதானா?
– ஒரு வாசகி, அந்தியூர், ஈரோடு மாவட்டம்

பதில்: ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் அம்மா, அதற்கே பாதி வேலை முடிந்தது. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். உங்கள் மாடு மார்ச் 17-ஐ ஒட்டிக் கன்று போடும். அதற்கு 60 நாள் முன்பு, அதாவது ஜனவரி 16-ஆம் தேதிவாக்கில், கறவையை நிறுத்திவிட வேண்டும். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள், தேதி மறக்காது. அந்த 4 லிட்டரை நினைத்து இன்னும் ஒரு மாதம் கறக்கலாம் என்று தோன்றும். அப்படிக் கறந்தால், தேய்ந்த மடித் திசுக்கள் புதிதாக வளர நாள் போதாது. அடுத்த கறவையில் அதைவிடப் பல மடங்கு பாலை இழப்பீர்கள்.

பொங்கல் பேச்சு வந்ததால் இடையில் ஒன்று. அன்பு மிகுதியில் சர்க்கரைப் பொங்கலையும் சோற்றையும் வாளி வாளியாக வைத்துவிடாதீர்கள். பழக்கமில்லாத அரிசிச் சோறு மொத்தமாகப் போனால் முதல் வயிற்றில் புளித்து அமிலமாகும். மாடு அசை போடுவதை நிறுத்தும், கழியும், சில சமயம் உயிரே போகும். ஒரு கைப்பிடி கொடுத்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், மாடு கோபித்துக்கொள்ளாது.

கறவையை நிறுத்தும் முறை எளிது. அதற்கு நான்கைந்து நாள் முன்பு அடர் தீவனத்தை அரைக் கிலோவுக்குக் குறையுங்கள். கறவையை ஒரு வேளையாக்குங்கள். தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டாம். கடைசி நாள் மடியைச் சுத்தமாகக் கறந்துவிட்டு, மருத்துவரிடம் மடிநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, அவர் தரும் மருந்துக் குழலை நான்கு காம்புகளிலும் ஏற்றி விடுங்கள். அதன்பின் இரண்டு மூன்று நாள் மடி வீங்கித்தான் இருக்கும். பாவமாக இருக்கிறதே என்று கொஞ்சம் கறந்துவிட்டால், மடி மறுபடியும் சுரக்கத் தொடங்கும். விட்டுவிட்டால் தேங்கிய பாலை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஏதாவது ஒரு காம்பு மட்டும் சுட்டு, கல்லாகி, தொட்டால் மாடு உதைத்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கால்சியம் டானிக்கை இன்றே நிறுத்துங்கள். கடலைக்கொடியும் அகத்தியும் பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து வேண்டாம். இதைச் சொன்னால் பலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கால்சியம் குறைந்துதானே மாடு படுத்தது, அதையே நிறுத்தச் சொல்கிறாரே என்று. நானும் வேலைக்கு வந்த புதிதில், சென்ற ஈற்றில் விழுந்த மாடுகளுக்கு முன்கூட்டியே டானிக் எழுதிக் கொடுத்தவன்தான். அவற்றில் சில மறுபடியும் விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

சென்ற ஈற்றில் உங்கள் மாடு விழுந்ததற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். அதில் நடப்பது இதுதான். பசுவின் இரத்த நீரில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் மொத்தம் 3 கிராம் அளவுதான். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. ஈன்ற அன்று 8 லிட்டர் சீம்பால் சுரந்தால், இரத்தத்தில் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு ஒரே நாளில் வெளியேறுகிறது. இதை ஈடுகட்ட எலும்பில் கிலோக்கணக்கில் சேமிப்பு இருக்கிறது. அதைத் திறந்துவிடச் சொல்வது கழுத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பி. கறவை நிறுத்திய வற்றிய காலம் முழுக்க டானிக்கும் கடலைக்கொடியும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தால், அந்தச் சுரப்பிக்கு வேலையே இல்லை. குதிர் நிறைய நெல் இருந்தும் பூட்டு துருப்பிடித்துக் கிடப்பது போலத்தான். கன்று போட்ட அன்று அவசரமாகத் திறக்கப் பார்த்தால் திறக்க இரண்டு மூன்று நாள் ஆகிறது. மாடு அதற்குள் விழுந்துவிடுகிறது. ஈற்று கூடக் கூட எலும்பு கால்சியத்தை விடுவது மெதுவாகும். ஜெர்சி இரத்தத்துக்கு இந்தத் தொல்லை இயல்பிலேயே அதிகம். உங்கள் மாட்டுக்கு இரண்டும் பொருந்துகிறது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது: கொட்டகை கழுவிய தண்ணீர். மாட்டு மூத்திரத்தில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், மிகுதி. அது பாயும் புல் அந்தச் சத்தை அளவில்லாமல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதைத் தின்னும் மாட்டின் இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்ந்துவிடும். அந்த நிலையில் சுரப்பி ஆணையிட்டாலும் எலும்பு காதில் போட்டுக்கொள்ளாது. ஆகவே கடைசி மூன்று வாரம் அந்தப் பாத்திப் புல்லை மற்ற மாடுகளுக்குப் போடுங்கள். இந்தச் சினை மாட்டுக்கு மக்காச்சோளத் தட்டையோ தீவனச் சோளமோ நல்லது. எனக்குத் தெரிந்தவரை, விழுகிற மாடுகளின் வீட்டில் கேட்டால் கால்சியத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். புல்லுக்கு எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொன்னீர்கள்.

மாமியாரிடம் பதமாகச் சொல்லுங்கள்: தீவனத்தைக் குறைத்தால் கன்று அவ்வளவாகச் சிறுக்காது, மாடுதான் சிறுக்கும். தாய் தன் உடம்பைக் கரைத்தாவது கன்றை வளர்க்கும். கன்றின் பருமன் பெரும்பாலும் எந்தக் காளையின் விந்து போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. பிறக்கும்போது கன்றுக்கு இருக்கும் எடையில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான் சேருகிறது. இப்போது பட்டினி போட்டால் கன்று துவண்டு பிறக்கும், தாய்க்கும் பால் ஏறாது. ஆனால் அவர் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு. மாட்டைக் கொழுக்க வைத்தாலும் ஈனுவதில் சிக்கல் வரும். ஈன்ற பிறகு தீனி எடுக்காது, ஈரலில் கொழுப்பு படியும். உள்ளங்கையை விலாவில் வைத்து இலேசாக அழுத்திப் பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கைக்கு மட்டும் தட்டுப்பட்டால் சரியான பதம். எவ்வளவு அழுத்தியும் தட்டுப்படவில்லை என்றால் அடர் தீவனத்தில் கொஞ்சம் கை வையுங்கள்.

உங்கள் மாடு 350 முதல் 400 கிலோ இருக்கும் என்று வைத்துச் சொல்கிறேன். வற்றிய முதல் 40 நாள் பச்சைத் தீவனம் 15 கிலோ, சோளத்தட்டையோ வைக்கோலோ 4 கிலோ, அடர் தீவனம் ஒன்றரைக் கிலோ, தாது உப்புக் கலவை 30 கிராம். தாது உப்பிலும் கால்சியம் இருக்கிறதே என்பீர்கள். இந்த அளவில் அது பொருட்டல்ல, அதிலுள்ள மற்ற உப்புகள் தேவை. குடற்புழு மருந்தும் இந்த நாட்களில் கொடுப்பது வசதி. சினை மாட்டுக்கு எல்லா மருந்தும் ஆகாது, அதனால் மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள்.

பிப்ரவரி 24-க்குப் பிறகு அடர் தீவனத்தை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால் கிலோவாக ஏற்றி, ஈனும்போது இரண்டே முக்கால், மூன்று கிலோவில் நிறுத்துங்கள். ஈன்ற பிறகு எந்தத் தீவனம் கொடுக்கப் போகிறீர்களோ, அதே தீவனமாக இருக்கட்டும். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதற்குப் பழக இந்த மூன்று வாரம் வேண்டும். கடைசி வாரம் மாடு தானாகவே தீனியைக் குறைக்கும், பயப்பட வேண்டாம். கறியுப்பைத் தனியாகப் போடாதீர்கள், மடியில் நீர் கோத்துக்கொள்ளும். இரத்தத்தை அமிலப் பக்கம் திருப்பும் உப்புக் கலவைகளும் கிடைக்கின்றன. முன்பு விழுந்த மாடு என்பதால் மருத்துவர் அதைச் சொல்லக்கூடும். அளவும் நாளும் அவர் சொன்னபடி இருக்கட்டும். மாடு முகம் சுளிக்கும் கசப்பு அது.

கால்சியத்துக்கு நாள் ஈனும் அன்று வருகிறது. கன்று விழுந்து, மாடு எழுந்து நின்றதும் கால்சியம் ஜெல் ஒரு குழல், மறுபடியும் 12 மணி நேரம் கழித்து ஒன்று. கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 2 லிட்டர் சீம்பால் போய்விட வேண்டும். மற்றபடி முதல் நாள் மடியை வழித்துக் கறக்காதீர்கள்.

அன்று இரவும் அடுத்த இரண்டு இரவும் ஒருமுறை எழுந்து பாருங்கள். காது சில்லென்று இருந்தாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ, படுத்துக்கொண்டு தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்திருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெயர்தான் பால் காய்ச்சல், உடம்பு சுடாது. படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பக்கவாட்டில் சாயாமல் மார்பில் நிமிர்ந்து படுக்கும்படி வைக்கோல் மூட்டை அண்டைக் கொடுத்து மருத்துவரை வரவழையுங்கள். அவர் நரம்பில் ஏற்றும்போது மாடு நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணம் போடும். அதைப் பார்த்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலை செய்வதன் அடையாளம் அது. எழுந்த மாடு ஒரு நாளைக்குள் மறுபடியும் படுக்கக்கூடும் என்பதால், மறுநாளும் வரும்படி அவரிடம் அப்போதே சொல்லி வையுங்கள்.