மேடே, பாக்ஸ், அயர்ன்ஸ்: அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ் பேச்சு – கேள்வி பதில்

செந்தில், ஓசூர்: ஆபத்தில் சிக்கியவர் "ஹெல்ப்" என்று கத்தாமல் "மேடே" என்பது ஏன்? அதையும் மூன்று முறை சொல்வது ஏன்?

விமானத் துறையிலிருந்து வந்த சொல் அது. 1920களின் தொடக்கத்தில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு உருவாக்கினார். அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் பெரும்பாலும் பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்குப் போய்வந்ததால், "எனக்கு உதவுங்கள்" என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தையின் ஒலியை எடுத்துக்கொண்டார். 1927 சர்வதேச ரேடியோ மாநாடு அதை ஏற்றது.

தீ விபத்து இடத்தில் "ஹெல்ப்" பயன்படாது. "ஹோஸ் இழுக்க ஹெல்ப் வேணும்" என்று நிமிடத்துக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார். மேடே வேறெந்தப் பேச்சிலும் வராது. மூன்று முறை சொன்னால், இரைச்சலில் ஒன்று தொலைந்தாலும் மற்றது போய்ச் சேரும். "அங்கே ஒரு மேடே வந்ததாமே" என்று யாரோ பேசிக்கொள்வதோடும் குழம்பாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு, உதாரணமாக ஹோஸில் தண்ணீர் நின்றுபோனால், நியூயார்க்கில் "அர்ஜென்ட்" என்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

ஃபாத்திமா, நாகூர்: மேடே சொன்ன பிறகு என்ன சொல்ல வேண்டும்?

பல துறைகள் "லூனார்" (LUNAR) என்று கற்றுத்தருகின்றன. எங்கே இருக்கிறேன், எந்த யூனிட், பெயர், என்ன வேலையில் இருந்தேன் (சில துறைகளில் இந்த இடத்தில் சிலிண்டரில் மிச்சமுள்ள காற்று), என்ன உதவி தேவை. இந்த வரிசையின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் அந்தச் சொல். இடம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. பாதியில் ரேடியோ செத்துப்போனாலும், தேடி வருபவர்களுக்கு எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதாவது கிடைத்துவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. உடம்பில் "பாஸ்" என்ற அலாரம் இருக்கும். ஏறத்தாழ 30 விநாடி அசைவில்லாவிட்டால் தானாகவே அலறும், கையாலும் முடுக்கலாம். பயத்தில் முதலில் அதை அழுத்திவிட்டால், அந்த அலறல் மைக்குக்குள் புகுந்து பேச்சை மூழ்கடித்துவிடும். ரேடியோவின் அவசரப் பொத்தான், மேடே, லூனார், அதற்குப் பிறகே பாஸ். பேசும்போது பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேச வேண்டும். இல்லையென்றால் முதல் அசை வெட்டுப்படும்.

கதிர், கோவை: ரேடியோவில் "சரி, புரிந்தது" என்பதற்குச் சொல்லும் 10-4 மாதிரியான எண்களில் அந்தப் பத்து எதற்கு, சார்?

அதுவும் முதல் அசை வெட்டுப்படும் கதைதான். 1937இல் இல்லினாய் மாநிலக் காவல்துறையின் சார்லஸ் ஹாப்பர் அமைத்தது. அன்றைய வாகன ரேடியோவில் பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு மோட்டார் ஜெனரேட்டர் சுழன்று வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். முதலில் "டென்" என்றால், காணாமல் போவது அந்த டென் மட்டும். பொருள் தாங்கிய எண் முழுதாய்ப் போய்ச் சேரும்.

அந்த மோட்டார் மறைந்து பல காலமாயிற்று. எண்களோ ஊருக்கு ஊர் வேறு பொருளில் வளர்ந்துவிட்டன. பல துறைகள் சேர்ந்து வேலை செய்யும்போது இது ஆபத்து. 2006 நிதியாண்டு முதல், பல துறைகள் சேரும் நிகழ்வுகளில் சாதாரண மொழியே பேச வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசு மானியத்துக்கு நிபந்தனை வைத்தது. சரியான முடிவு என்பதே என் கருத்து. நியூயார்க் தன் உள் வேலைக்கு 10-75 போன்றவற்றை இன்னும் வைத்திருக்கிறது. "நிஜமாகவே எரிகிறது" என்று அதற்குப் பொருள்.

ரம்யா: நியூயார்க் ஒலிப்பதிவுகளில் ஒவ்வொரு வாக்கியமும் "கே" என்று முடிகிறதே?

"ஓகே"யின் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். அது K என்ற ஆங்கில எழுத்து. தந்திக்கான மோர்ஸ் குறியீட்டில் கோடு-புள்ளி-கோடு, "என் பேச்சு முடிந்தது, நீ அனுப்பு" என்று அர்த்தம்.

தந்தி விட்டுப்போனது இன்னும் நிறைய. 1852இல் பாஸ்டனில் சானிங், ஃபார்மர் இருவரும் அமைத்த தீ எச்சரிக்கைத் தந்தியில் தெருப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெட்டியை இயக்கினால் அந்த எண் மணியடிகளாக வந்து சேரும். தீ அழைப்பை இன்றும் "பாக்ஸ்" என்பது அதனால். ஆள் நேரில் ஓடிவந்தோ தொலைபேசியிலோ சொன்னால் மணி அடிக்காது. அது "ஸ்டில் அலாரம்", அமைதியான அழைப்பு. நியூயார்க்கில் ஐந்து ஐந்தாக நான்கு முறை மணி ஒலித்தால் பணியில் ஒருவர் உயிர் நீத்தார் என்று பொருள். கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கும். 5-5-5-5 என்று எழுதினாலே அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஜோசப், தூத்துக்குடி: "அயர்ன்ஸ் எடு" என்றால்?

பூட்டிய கதவை நெம்பித் திறக்கும் தட்டைத்தலைக் கோடரியும் ஹாலிகன் கடப்பாரையும் சேர்ந்த ஜோடி. கடப்பாரை, நியூயார்க் தீயணைப்பு அதிகாரி ஹ்யூ ஹாலிகன் 1940களில் வடிவமைத்தது; ஒரு முனையில் கவை, மறுமுனையில் வாய்ச்சி போன்ற அலகும் கூர்முனையும். உள்நோக்கித் திறக்கும் கதவில் முதலில் அலகால் இடைவெளி உண்டாக்கு. பூட்டுக்கு ஓரடிக்குள் மேலோ கீழோ கவையை நுழைத்து அடி. பிறகு கடப்பாரையைக் கதவை நோக்கித் தள்ளு. உள்ளே இறங்க இறங்கக் கடப்பாரையைக் கதவிலிருந்து விலக்கிக்கொண்டே வராவிட்டால் கவை நிலைச்சட்டத்தில் குத்தி நின்றுவிடும். பிடிப்பவர் "ஹிட்" என்றால்தான் மற்றவர் அடிக்கலாம்.

முருகன், சேலம்: "சார்லி பக்கம்"?

கட்டடத்தின் பின்புறம். முகப்பு ஆல்ஃபா, அங்கிருந்து கடிகாரச் சுற்றாக பிராவோ, சார்லி, டெல்டா. நியூயார்க்கில் இதையே எக்ஸ்போஷர் 1, 2, 3, 4 என்பார்கள். மூலைவீட்டில் எந்தத் தெரு "முகப்பு" என்பதை முதலில் வந்த அதிகாரி ரேடியோவில் அறிவித்தாக வேண்டும். அறிவிக்காவிட்டால் எல்லாருக்கும் பக்கம் மாறும்.

ஆனந்தி, திருச்சி: நம் ஊர் "வாட்டர் டெண்டர்" அங்கே என்ன?

பம்பும் ஹோஸும் உள்ள நம் வண்டிக்கு அங்கே "எஞ்சின்" என்று பெயர். ஏணி வண்டிதான் "ட்ரக்". அங்கே "டெண்டர்" கேட்டால், தண்ணீர் சுமந்துவரும் லாரி வரும். கிழக்கு மாநிலங்களில் அதே லாரி "டேங்கர்". மேற்கில் டேங்கர் கேட்டால் வானிலிருந்து கொட்டும் விமானம். காட்டுத்தீக்கு வெளிமாநிலத்திலிருந்து போகும் குழுக்கள் வண்டி கேட்பதற்கு முன் இந்த ஒன்றைக் கட்டாயம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.