மருத்துவர்களும் செவிலியர்களும் வேலைநிறுத்தம் செய்வது நோயாளிகளைக் கைவிடுவதாகாதா?

கேள்வி நியாயமானதுதான், ஆனால் அமெரிக்காவில் இத்தகைய வேலைநிறுத்தம் ஒரே இரவில் தொடங்கிவிடுவதில்லை. தொழிற்சங்கம் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1974இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத் திருத்தம். நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்றவும் தற்காலிகச் செவிலியர்களை அமர்த்தவும் நிர்வாகத்துக்கு அந்த அவகாசம் போதும் என்று சட்டம் கருதுகிறது.

2025 ஜனவரி 10 அன்று ஓரிகன் மாநிலத்தில் பிராவிடன்ஸ் குழுமத்தின் 8 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,000 பேர் வேலையை நிறுத்தினர். செவிலியர்களோடு, உள்நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்கள் சிலரும் சங்க உறுப்பினர்களாகவே வெளியேறினர் என்பதே இதன் புதுமை. ஊதியமும் கோரிக்கையில் இருந்தது; எனினும் ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்ப்பது என்பதே பெரிய சிக்கல். முதலில் எட்டப்பட்ட உடன்பாட்டைச் செவிலியர்கள் வாக்களித்து நிராகரித்ததால் போராட்டம் 46 நாட்கள் நீண்டது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? மருந்து கொடுப்பதோடு, நோயாளியின் மூச்சிலும் நினைவிலும் தோன்றும் சிறு மாற்றத்தை முதலில் கவனிப்பவரும் செவிலியரே. பொறுப்பில் உள்ள படுக்கைகள் கூடக்கூட அந்தக் கவனமே முதலில் சிதறுகிறது. கலிஃபோர்னியா 2004 முதல் இதற்குச் சட்டப்படி வரம்பு விதித்துள்ளது: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் 2 நோயாளிகள், பொது உள்நோயாளர் பிரிவில் இன்று 5 பேர். (வரம்பு ஏட்டில் இருந்தால் மட்டும் ஆள் வந்துவிடாது என்பது வேறு.)