புட்டிப்பால் குடித்து வளரும் குழந்தை அறிவில் பின்தங்குமா?

கேட்டவரின் நாலு மாதக் குழந்தை பவுடர் பாலில் நன்றாக எடை கூடுகிறது. ஆனால் "தாய்ப்பால் குடிக்காத பிள்ளைக்கு மூளை மந்தமாகும்" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பெரும்பாலும் புட்டிப்பால், சின்னவள் ஒன்றரை வயது வரை தாய்ப்பால். படிப்பில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அப்பா அம்மாவிடம் வளர்கிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் அதிக நாள் தாய்ப்பால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான பெண்கள். அவர்கள் பிள்ளைகள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அதற்குக் காரணம் பாலா, அம்மாவின் படிப்பா, வீட்டின் வசதியா? பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் பெலாரஸ் நாட்டில் 1996-97ல் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். நிறைமாதத்தில் நல்ல எடையுடன் பிறந்த 17,046 ஆரோக்கியமான குழந்தைகள், 31 மருத்துவமனைகள். தாய்ப்பால் கொடுக்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாதல்லவா? அதனால் குலுக்கல் முறையில் சில மருத்துவமனைகளில் மட்டும் தாய்ப்பால் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கூடுதல் உதவி கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் அங்கே 43 சதவீதம், மற்ற இடங்களில் 6 சதவீதம். முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு மாதிரியான குடல் தொற்று வந்தவர்கள் அங்கே 9.1, மற்ற இடங்களில் 13.2 சதவீதம். கரப்பான் என்னும் தோல் நோயும் குறைந்தது. ஆறரை வயதில் பார்த்தபோது உடல் பருமன், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் எதிலும் வித்தியாசம் இல்லை. அறிவுத்திறன் சோதனையில், முக்கியமாகப் பேச்சு, சொல் சார்ந்த பகுதியில், உதவி பெற்ற பிரிவுப் பிள்ளைகள் கூடுதலாக வாங்கினார்கள். ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்று சோதித்த டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது; அதனால் மதிப்பெண் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். 16 வயதில் அந்த வித்தியாசமும் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அதனால் மூளையைப் பற்றிய பயத்தை விடுங்கள். ஆனால் தொற்று விஷயம் நிஜம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே பவுடரைக் கரைத்து, ஆற வைத்துக் கொடுங்கள். மிச்சப் பாலை எடுத்து வைக்காதீர்கள். டப்பாவில் போட்ட அளவை விட நீர்க்கக் கலக்கவே கூடாது. கழுவ எளிது என்பதால் புட்டியை விடப் பாலாடை (பால் புகட்டும் சிறு கிண்ணம்) நல்லது. உங்களுக்கு இன்னும் பால் சுரந்தால், ஒரு வேளையாவது கொடுப்பதும் லாபமே.

இன்னொன்று. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021லிருந்து ஒரு வருடப் பேறுகால விடுப்பு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அப்படி விடுப்பு கிடையாது. எந்தப் பால் என்பதைப் பாதி நேரம் இதுதான் முடிவு செய்கிறது, தாயின் பாசம் அல்ல.

மாமியாருக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் நல்லதுதான். புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.