சிக்கனம் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

கேள்வி: சமூகப் பணி மாணவர்களுக்கு நிதிப் பாடத்தை வரவு செலவுக் கணக்கிலிருந்து தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் மாதக் கணக்காகப் போடாமல் தேதிவாரியாகப் போடச் சொல்லுங்கள். ஒரு கற்பனைக் குடும்பம்: 1-ஆம் தேதி கூலி 6,000, 20-ஆம் தேதி அரசு உதவித்தொகை 6,000. செலவில் வாடகை 4,500 (5-ஆம் தேதி), பள்ளிக் கட்டணம் 2,000 (10-ஆம் தேதி), அன்றாடச் செலவு 30 நாளுக்கு 5,000. மாதக் கணக்கில் 500 மிச்சம். தேதிவாரியாகப் பார்த்தால் 10-ஆம் தேதி இரவே 2,100-க்கு மேல் துண்டு விழுகிறது. 19-ஆம் தேதி அது 3,600-ஐத் தாண்டுகிறது. கந்துவட்டிக்காரர் உள்ளே வருவது இந்த இடைவெளியில்தான். இப்போது உதவித்தொகையை 10-ஆம் தேதிக்கு நகர்த்துங்கள். துண்டே விழாது! குடும்பத்தின் பழக்கம் எதுவும் மாறவில்லை, மாறியது உதவித்தொகை வழங்கும் தேதி பற்றிய விதி மட்டுமே. சமூகக் கொள்கைப் பாடம் இங்கே தொடங்குகிறது.

கேள்வி: வங்கிக் கணக்கு இருந்தால் நிதி உள்ளடக்கம் (எல்லோருக்கும் நிதிச் சேவைகள் பயன்படும்படி கிடைப்பது) வந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

இல்லை. உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வுப்படி, உலக அளவில் கணக்கு வைத்திருக்கும் வயதுவந்தோர் 2011-இல் 51 சதவீதம், 2021-இல் 76 சதவீதம். ஆனால் பணம் வந்த அன்றே முழுவதும் எடுக்கப்படும் கணக்கும் இதில் அடக்கம். கிளைக்குப் போய்வரும் செலவு, குறைந்தபட்ச இருப்பு, இழந்த ஒரு நாள் கூலி ஆகியவற்றையும் கணக்கிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வட்டியை எப்படிப் புரியவைப்பது?

10,000 கடன், ஆண்டுக்கு 12 சதவீதம் நிலையான வட்டி (ஃபிளாட் ரேட்), 12 மாதத் தவணை. தவணை சுமார் 933. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு 10,000-க்கும் போடப்படுவதால், குறையும் நிலுவைக் கணக்கில் உண்மை விகிதம் ஏறக்குறைய 21.5 சதவீதம். முன்கூட்டியே 200 கட்டணம் பிடித்தால் 25-ஐத் தாண்டும். மாணவர்கள் இதைத் தாங்களே விரிதாளில் போட்டுப் பார்க்கட்டும். கரும்பலகையில் நீங்கள் போட்டால் பதியாது.

கேள்வி: மாணவர்கள் தங்கள் வீட்டுக் கடனை வகுப்பில் சொல்லலாமா?

வேண்டாம். கூச்சத்தில் பொய்க்கணக்கு வரும், பாடமும் கெடும். கற்பனைக் குடும்பங்களே போதும்.

கேள்வி: தேர்வில் மதிப்பெண் ஏறுகிறது, பயிற்சி பெற்றவர்களின் நடத்தை மாறவில்லையே?

2014-இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் செய்த தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் ஆய்வு), ஆளுக்கு ஆள் நிதி நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தையே பயிற்சி விளக்கியது. காலம் போகப்போக அதுவும் தேய்ந்தது. 76 பரிசோதனைகளைத் தொகுத்த 2022 ஆய்வு கூடுதல் நம்பிக்கை தருகிறது. ஆகவே பயிற்சியை முடிவெடுக்கும் நேரத்தோடு ஒட்டி வையுங்கள்: கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் வாரத்தில் ஒரு மணி நேரம், அதே பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு.