மகளை ஏன் சாட்சியாக்கினீர்கள்?

கேள்வி: திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு உடன் வேலை செய்யும் பெண்ணோடு தொடர்பு இருப்பது போன வருடம் தெரிந்தது. அழுது மன்னிப்புக் கேட்டார், மன்னித்தேன். மறுபடியும் தொடர்கிறார். அவர் குளிக்கப் போகும்போது என் 12 வயது மகள்தான் செல்போனைப் பார்த்து எனக்குச் சொல்கிறாள். அவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? விவாகரத்து கிடைக்குமா?

பதில்: ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. அதற்கென்று இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 497-ஆம் பிரிவை 2018-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அது இருந்த காலத்திலும் அந்தப் பெண்ணின் கணவர்தான் வழக்குப் போட முடியும், நீங்கள் முடியாது. அப்படி ஒரு சட்டம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

விவாகரத்து கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இது ஒரு காரணம்தான். ஆனால் தெரிந்த பிறகு மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தீர்களா என்று கோர்ட் பார்க்கும். மன்னித்த பிறகும் அவர் தொடர்ந்தார் என்று காட்ட முடிந்தால் மன்னித்த பழைய குற்றமும் மறுபடி கணக்கில் வரும்.

சரி, இப்போது மகள் விஷயம். ஒரு காது குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தில், கண் அப்பாவின் செல்போனில். வேறொரு பெண்ணுக்கு அப்பா எழுதியதை 12 வயதுப் பிள்ளை படித்து, மனதில் ஏற்றி, சமையலறையில் வந்து ஒப்பிக்கிறாள். இதை ஒரே வரியில் எழுதிவிட்டு நீங்கள் ஜெயில் பேச்சுக்குப் போய்விட்டீர்கள்!

அவளாகவே பார்த்தாள் என்பீர்கள். முதல் நாள் இருக்கலாம். மறுநாள் "இன்னைக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டது யார்?

உங்கள் கணவர் செய்தது துரோகம். அவர் எனக்கு எழுதியிருந்தால் இதைவிட மோசமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். ஆனால் அவர் ஏமாற்றியது மனைவியை. அந்தப் பாரத்தை மகள் தலையில் இறக்கியது நீங்கள். பெரியவர்களின் படுக்கையறைச் சண்டைக்குப் பிள்ளையை உளவு வைக்கிற தாயை என்னால் தட்டிக்கொடுக்க முடியாது. அப்பா பொய் சொல்கிறார் என்பதோடு, அம்மாவைக் காப்பாற்றத் தானும் திருட்டுத்தனம் செய்ய வேண்டும் என்றும் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நாளைக்குப் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தால், நீதிபதி அவளைத் தனியாக அழைத்து விசாரிக்கலாம். "அம்மா பார்க்கச் சொன்னாங்க" என்று அவள் சொன்னால் உங்கள் வழக்கறிஞர் என்ன செய்வார்?

இன்றைக்கே அவளிடம் பேசுங்கள். "இனிமேல் அப்பா போனை நீ தொட வேண்டாம், இது எங்கள் பிரச்சினை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் ஏதாவது சொல்ல வந்தாலும் கேட்காதீர்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும்.

அப்புறம் கணவரின் சம்பள விவரம், திருமணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். விவாகரத்து வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் உங்களுக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் கேட்க வழி இருக்கிறது. மகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.